எலுமிச்சைக்குப் பட்டினி

குழு: வடக்குவீட்டுச் சொந்தங்கள்

ஜனவரி 11

நான்: எங்கள் எலுமிச்சையைப் பாருங்கள். முளைத்து ஆறு வருடம். கூரையை எட்டிவிட்டது, இலையெல்லாம் தளதளவென்று இருக்கிறது. பூ மட்டும் ஒன்றுகூட இல்லை.

பாட்டி: வெள்ளிக்கிழமை காலையில் வாரியலால் நாலு அடி கொடு. ரோஷம் வந்து காய்க்கும்.

அத்தான்: பாட்டி, என்னையும் அப்படித்தான் படிக்க வைத்தீர்கள்.

ஆரல்வாய்மொழி மயினி: விதைக் கன்றா, ஒட்டுக் கன்றா?

நான்: விதைதான் மயினி. அம்மா ஊறுகாய் போட்டபோது வீசினது.

ஆரல்வாய்மொழி மயினி: ஒட்டு என்றால் இரண்டு மூன்று வருடத்தில் காய்த்திருக்கும். விதைக்குக் கொஞ்சம் பொறுக்க வேண்டும், ஆனால் ஆறு வருடம் போதும். உரம் என்ன?

நான்: மாதாமாதம் கோழி எரு. அப்புறம் ஒரு கை யூரியா.

ஆரல்வாய்மொழி மயினி: தண்ணீர்?

நான்: அடுக்களைத் தண்ணீர் முழுக்க அதன் அடிமூட்டுக்குத்தான் போகிறது.

ஆரல்வாய்மொழி மயினி: சரி, அதுதான் சங்கதி. தழைச்சத்தும் தண்ணீரும் தினமும் கிடைத்தால் அது ஏன் பூக்கப் போகிறது? கொஞ்சம் வாடி, அப்புறம் நனைந்தால்தான் எலுமிச்சை மொட்டு வைக்கும். எங்கள் ஊரில் கணவாய்க் காற்றே காயவைத்துவிடும். குலசேகரத்தில் உங்களுக்கு ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை. காய்வதற்கு இந்தத் தை, மாசிதான் இருக்கிறது. அதிலும் நீ பாத்திரம் கழுவி ஊற்றுகிறாய்.

நான்: அப்போ என்ன செய்ய?

ஆரல்வாய்மொழி மயினி: ஓடையை வாழைப் பக்கம் திருப்பு. உரத்தை நிறுத்து. மேலே கிடக்கும் பலாக் கொப்பு ஒன்றிரண்டை இறக்கு, அரை நாளாவது வெயில் விழ வேண்டும். எலுமிச்சையில் கத்தி வைக்காதே.

பிப்ரவரி 9

நான்: மயினி, இலை நடுவில் மடங்கித் தோணி மாதிரி இருக்கிறது. பயமாக இருக்கிறது.

ஆரல்வாய்மொழி மயினி: சாயங்காலம் நிமிர்கிறதா?

நான்: போன வாரம் நிமிர்ந்தது. நேற்று ராத்திரியும் அப்படியே இருந்தது. கீழே நாலைந்து பழுத்த இலை.

ஆரல்வாய்மொழி மயினி: போதும் மக்களே, இனி தாங்காது. அடிமூட்டை விட்டு இரண்டடி தள்ளி வட்டமாக வாய்க்கால் எடுத்து நிறைய ஊற்று. மூன்று நாள் கழித்து இன்னொரு தடவை. கூடவே மக்கின சாணி இரண்டு கூடை, ஒரு சிரட்டை சாம்பல். யூரியா வேண்டவே வேண்டாம்.

அம்மா: நான் சொன்னால் கேட்கமாட்டாள், மயினி சொன்னால் கேட்பாள்.

மார்ச் 6

நான்: கொழுந்தோடு கொழுந்தாக மிளகு அளவில் வெள்ளை மொட்டு! ஒரு கொப்பில் மட்டும் பதினேழு எண்ணினேன்.

அத்தான்: பாட்டியிடம் சொல்லாதே. வாரியலுக்குத்தான் பெயர் போகும்.

பாட்டி: நான் குழுவில்தான் இருக்கிறேன்.

மார்ச் 30

நான்: பிஞ்சு கொட்டுகிறது. காலையில் பெருக்கும்போது ஒரு கை நிறைய.

ஆரல்வாய்மொழி மயினி: பூத்ததெல்லாம் காயாகாது, முக்கால்வாசி உதிரத்தான் செய்யும். ஆனால் இனி காயப்போடாதே. ஒரு நாள் காய்ச்சல், ஒரு நாள் வெள்ளம் என்றால் மிச்சமும் போய்விடும். மூட்டில் சருகு பரப்பு. கொழுந்தில் காக்கை எச்சம் மாதிரி எது ஒட்டியிருந்தாலும் தொட்டுப் பார், பட்டாம்பூச்சிப் புழுவாக இருக்கும். பொறுக்கிப் போடு.

நான்: மூன்று கிடைத்தது. சீ!

அம்மா: ஊறுகாய்க்கு எப்போது பறிக்கலாம்?

ஆரல்வாய்மொழி மயினி: பூத்ததிலிருந்து ஐந்தாறு மாதம். ஆவணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்: அடுக்களைத் தண்ணீர் குடித்த மட்டி வாழை குலை தள்ளியிருக்கிறது. அதற்கும் படம் அனுப்பவா?

ஆரல்வாய்மொழி மயினி: அனுப்பு. முதலில் ஒரு முட்டுக் கொடு, சாய்ந்துவிடும்.