ஓடை நுழையும் குகை: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். மாத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே ஒரு சின்ன ஓடை சுண்ணாம்புக்கல் பாறைக்குள் புகுந்து மறைந்துவிடும். மாசியில் தண்ணி வற்றியபோது நானும் தம்பியும் டோர்ச்சோடு குனிந்து, பிறகு தவழ்ந்து, ஒரு 30 அடி போனோம். கூரையெல்லாம் சோற்றுப் பருக்கை போல வெள்ளை முளைகள், ஒவ்வொரு நுனியிலும் ஒரு சொட்டு. அவ்வளவு அழகு! ஆனால் தலைக்கு மேல் பிளவில் காய்ந்த சருகும் சுள்ளியும் சிக்கிக் கிடந்தன. வெள்ளம் அவ்வளவு உயரம் ஏறும் என்று புரிந்ததும் திரும்பிவிட்டோம்.

நம்ம மலைநாட்டுக் கல் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மாதிரி இல்லை. பூமிக்கு அடியில் வெந்து அழுந்திப் பளிங்காக மாறியது, பட்டை பட்டையாகத்தான் கிடக்கும். இரத்தினபுரி மாவட்டத்து வவுல்பனைக் குகையிலும் ஓடை ஓடுகிறது. அங்கே போனவர்கள் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.

முக்கியமான கேள்வி இதுதான்: அந்தத் தண்ணி எங்கே வெளியே வருகிறது? நாங்கள் தண்ணி பிடிக்கிற பீலிக்குத்தான் என்று நினைக்கிறேன். பீலித் தண்ணியைக் கொதிக்க வைத்தால் கேத்தல் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிறது. ஓடை உள்ளே போகிற இடத்தில் புளோரசீன் என்ற சாயத்தைக் கலந்து, நிறம் எங்கே வெளியே வருகிறது என்று பார்ப்பார்கள் என்று தெரியும். ஆனால் 40 குடும்பம் குடிக்கிற தண்ணி, தெரியாமல் கை வைக்க மனம் வரவில்லை. அளவு தெரிந்து செய்தவர்கள் யாராவது வழி சொல்வீர்களா? ஐப்பசி மழைக்கு முன்னால் வந்து பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. சாப்பாடும் தங்க இடமும் எங்கள் வீட்டில்.