சமூகக் கூடத்தில் செய்முறைச் சமையல் வகுப்பு: எத்தனை பேரைச் சேர்க்கலாம், எதைக் கற்பிக்கலாம்?

மலைக்கோட்டைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் நாங்கள் வசிக்கும் குடியிருப்பின் நலச் சங்கத்தின் சார்பில், வரும் பங்குனியில் தொடங்கி ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மூன்று மணி நேரச் சமையல் வகுப்புகளை நடத்த முடிவு செய்திருக்கிறோம். ஒருவர் செய்து காட்ட, மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்து கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போகும் நிகழ்ச்சியாக இது ஆகிவிடக் கூடாது என்பதில் எல்லோரும் உறுதியாக இருக்கிறோம். வருகிற ஒவ்வொருவரும் தம் கையாலேயே ஊறவைத்ததை அரைத்து, பிசைந்து, உருட்டி, பதம் பார்த்துப் பழக வேண்டும் என்பதே நோக்கம்.

கற்பிக்க முன்வந்திருப்பவர்கள் எங்கள் குடியிருப்பிலேயே உள்ள எழுபது வயதைக் கடந்த பெரியவர்கள். இட்லி மாவு, மாவடு, தாளிப்பு வடகம், சாமை மற்றும் வரகில் சில உணவுகள் என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். சேர விரும்புவோர் முப்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களும், பணி ஓய்வு பெற்ற பிறகு அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்கத் துணிந்த ஆண்கள் சிலரும் அவர்களில் அடக்கம்.

எனக்குள்ள ஐயங்கள் இவை. பெரியவர்கள் எவரும் அளவு சொல்வதில்லை. "கை நிறைய", "கொஞ்சம் தாராளமாக" என்பதுதான் அவர்களுடைய கணக்கு. மாவு புளிக்க ஓர் இரவும், வடகம் காயப் பல நாட்களும் ஆகும்போது மூன்று மணி நேரத்தில் எதைக் காட்டுவது? கூடத்தில் சமையலறை கிடையாது. ஒரு கைகழுவும் தொட்டியும் சில மின்செருகிகளும்தான் உண்டு. இவற்றை எப்படிச் சமாளிப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அம்மிக்கல் எழுதியது:

மனையியல் ஆசிரியையாகப் பல ஆண்டுகள் செய்முறை வகுப்புகளை நடத்தியவள் என்ற முறையில் எழுதுகிறேன். முப்பது பேரை ஒரே வேளையில் சேர்த்துக்கொண்டால், நீங்கள் எதைத் தவிர்க்க நினைக்கிறீர்களோ அதுவே நடக்கும். ஒரு மேசைக்கு நால்வர், ஒரு கற்பிப்பவருக்கு இரண்டு மேசை என்பதைத் தாண்டாதீர்கள். நால்வருக்கு மேல் போனால் ஐந்தாமவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், அவர்தான் அடுத்த வாரம் வர மாட்டார். முப்பது பேரும் கட்டாயம் வேண்டுமென்றால் அதே வகுப்பை அடுத்த ஞாயிறும் நடத்துங்கள். ஒரு வகுப்புக்கு ஒரே பொருள். இட்லி மாவையும் சிறுதானியத்தையும் ஒரே காலையில் திணிக்க வேண்டாம்.

நேரத்தைப் பற்றிய உங்கள் ஐயத்துக்கு விடை, ஒரே பொருளின் வெவ்வேறு நிலைகளை ஒரே மேசையில் வைப்பதுதான். இட்லி மாவை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாள் மாலையில் அரைத்துப் பொங்கி நிற்கும் மாவு ஒரு பாத்திரத்திலும், விடியற்காலையில் அரைத்துப் பாதி புளித்த மாவு இன்னொன்றிலும் இருக்கட்டும். மூன்றாவதை வகுப்பிலேயே அரைக்கட்டும். மூன்றும் ஒரே அளவுள்ள கண்ணாடிப் பாத்திரங்களாக இருந்தால், மாவு எழும்பியிருக்கும் உயரமும் உள்ளே வலைபோல் படர்ந்திருக்கும் குமிழிகளும் வெளியிலிருந்தே தெரியும். ஒவ்வொருவரும் மூன்றையும் முகர்ந்து, கரண்டியால் தூக்கி ஊற்றிப் பார்த்த பின், பொங்கிய மாவை இட்லித் தட்டில் ஊற்றி வேகவைத்துச் சாப்பிடட்டும். தாங்கள் அரைத்ததை வீட்டுக்கு எடுத்துச் சென்று, அது எத்தனை மணி நேரத்தில் பொங்கியது என்று குறித்துக்கொள்ளட்டும். திருச்சியின் பங்குனி வெயிலில் ஆறேழு மணி நேரத்திலேயே பொங்கிவிடும் மாவு, மார்கழியில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் கேட்கும் என்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள். "அம்மா சொன்னபடிதான் செய்தேன், பொங்கவில்லை" என்ற புகார்களில் பெரும்பாலானவை இதனால் வருபவையே.

நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு முழு உளுந்து, ஒரு சிட்டிகைக்குச் சற்று மேல் வெந்தயம் என்பது தொடங்குவதற்கு நல்ல கணக்கு. உளுந்தைத் தனியாக, குளிர்ந்த நீரைத் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டும். ஒரு துளியைக் கிண்ணத்து நீரில் விட்டால் மிதக்க வேண்டும். அரிசி மெல்லிய ரவைப் பதத்தில் நின்றால் போதும். புளிப்பைத் தொடங்கிவைப்பவை உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே உள்ள நுண்ணுயிர்கள். அவற்றில் லியூகோனாஸ்டாக் என்னும் பாக்டீரியாவுக்கு முக்கியப் பங்கு உண்டு. அவை வெளிவிடும் வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்வது உளுந்தின் வழவழப்பு. உளுந்தைக் குறைத்தால் இட்லி கல்லாவது இதனால்தான். இளைஞர்களிடம் இந்தக் காரணத்தைச் சொல்லிவிட்டால் அளவை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

கையளவைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. பெரியவர் எடுக்கும் உப்பை எடை போடாதீர்கள். அவர் கூச்சப்பட்டு வழக்கத்தை விடக் குறைவாகவோ கூடுதலாகவோ எடுப்பார். உப்பு ஜாடியை அப்படியே எடைக்கருவியின் மேல் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, அவர் போக்கில் எடுக்க விடுங்கள். ஜாடியில் எவ்வளவு குறைந்ததோ அதுவே அவருடைய கையளவு. வகுப்புக்கு முன்பே, வெவ்வேறு நாட்களில் சிலமுறை இப்படிக் குறித்து வைத்துக்கொண்டால் நம்பத் தகுந்த ஓர் அளவு கிடைத்துவிடும்.

பந்திக்கட்டு எழுதியது:

அம்மிக்கல் அம்மா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் எடைக்கருவியின் மேல் அவ்வளவு பாரத்தை ஏற்ற வேண்டாம் என்பது என் கருத்து. கல்யாணச் சமையலில் நாங்களும் அரிசியையும் பருப்பையும் எடை போட்டுத்தான் வாங்குகிறோம், ஆனால் அடுப்பின் முன் நிற்கும்போது எடை உதவுவதில்லை. புளியின் புளிப்பும் மிளகாயின் காரமும் மூட்டைக்கு மூட்டை மாறும். வெந்தயம் எந்த நிறத்தில் இறங்க வேண்டும், சாம்பாரில் பச்சை வாடை எப்போது போகிறது என்பவற்றைக் கிராமில் எழுத முடியாது.

ஆகவே ஒவ்வொரு பெரியவரின் அருகிலும், சமைக்கத் தெரியாத, ஆனால் கூச்சமில்லாமல் கேள்வி கேட்கக்கூடிய ஒருவரை நிறுத்துங்கள். "இப்போது ஏன் தீயைக் குறைத்தீர்கள்?", "எதைப் பார்த்துப் போதும் என்றீர்கள்?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். காலங்காலமாகச் செய்து பழகியவர்களுக்குத் தாங்கள் எதைக் கவனிக்கிறோம் என்பது தங்களுக்கே தெரியாது. கேட்டால்தான் வெளியே வரும். அதோடு, ஒரு மேசையில் வேண்டுமென்றே வெந்தயத்தைக் கருக்கச் சொல்லுங்கள். கருகிய கசப்பையும் பதமான மணத்தையும் அடுத்தடுத்து நாவில் வைத்துப் பார்த்தவருக்கு அதன் பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை. பத்து ரூபாய்க்கும் குறைவான வெந்தயம் வீணாவதைப் பற்றிச் சங்கத்துப் பொருளாளர் கவலைப்படாமல் இருந்தால் சரி.

அம்மிக்கல் எழுதியது:

அடுப்பு வேலைக்கு நீங்கள் சொல்வது முற்றிலும் பொருந்தும். ஆனால் மாவடுவிலும் ஊறுகாயிலும் உப்பு வெறும் ருசிக்காகச் சேர்ப்பதன்று, கெடாமல் காப்பதே அதுதான். அங்கே புதியவர்களை நாவை நம்பச் சொல்ல முடியாது. ஒரு கிலோ வடுவுக்கு 150 முதல் 200 கிராம் வரை கல்லுப்பு என்று எடை போட்டே ஆக வேண்டும். உப்பு அதிகம் கூடாது என்று இந்தக் காலத்தில் பாதியாகக் குறைத்துவிட்டு, பூசணம் பூத்ததும் பாட்டியின் செய்முறையைக் குறை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உப்பு ஆகாதவர்கள் இரண்டு வடுவோடு நிறுத்திக்கொள்ளலாம். ஜாடியில் குறைப்பது தீர்வாகாது.

மாவடு வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். முதல் ஞாயிறு, காம்போடு கூடிய அடிபடாத வடுக்களைப் பொறுக்கி, கழுவி, துணியில் ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பும் மஞ்சள் தூளும் சேர்த்து ஆளுக்கு அரைக்கிலோ ஜாடியை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். வாரம் முழுவதும் நாள்தோறும் குலுக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. அடுத்த ஞாயிறு வடுக்கள் சுருங்கி, தாமே விட்ட நீரில் மிதக்கும் ஜாடிகளுடன் வருவார்கள். அந்த நீரிலேயே மிளகாயையும் கடுகையும் அரைத்துச் சேர்ப்பது இரண்டாம் பாடம். குலுக்க மறந்தவரின் ஜாடியும் அன்று மேசையில் இருக்குமாதலால், தனியாக எச்சரிக்கை எதுவும் தேவைப்படாது.

வடகத்துக்கு இந்த வழி சரிப்படாது, மொட்டை மாடி வேண்டும். சின்ன வெங்காயத்தை ஒன்றிரண்டாக இடித்து, பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள் தூள், உப்பு சேர்த்துப் பிசறுவதும், விளக்கெண்ணெய் தொட்டு உருட்டுவதும் ஒரு மணி நேர வேலைதான். அதன் பிறகு பகலெல்லாம் காயவைத்து, மாலையில் உதிர்த்து, மறுபடி உருட்டி வைப்பதைப் பல நாட்கள் தொடர வேண்டும். அதற்கு மாடியில் ஒரு பொதுப் பாயை விரித்து, யார் எந்த நாள் பார்த்துக்கொள்வது என்று முறை போட்டுவிடுங்கள்.

கடற்கரைச்சாலை எழுதியது:

நான் சிங்கப்பூரில் வசிக்கிறேன். இங்குள்ள சமூக மன்றங்களில் சமையல் வகுப்புகள் வழக்கமாக நடப்பவை. அறிவிப்பிலேயே இது பார்த்துக் கற்கும் வகுப்பா, கையால் செய்து பழகும் வகுப்பா என்று குறிப்பிட்டுவிடுவார்கள். இரண்டுக்கும் வருகிறவர்களின் எதிர்பார்ப்பு வேறு என்பதால் நீங்களும் முன்கூட்டியே தெளிவாக எழுதிவிடுவது நல்லது.

இன்னொன்று, பதிவுப் படிவத்தில் உணவு ஒவ்வாமை பற்றிக் கேளுங்கள். வேர்க்கடலை, முந்திரி, பால், கோதுமை, எள் ஆகியவை நம் சமையலில் சொல்லாமலே கலப்பவை. பெருங்காயத்தில் கூட, கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயமாக இருந்தால் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஒவ்வாதவருக்கு இது தெரியாமல் போய்விடக் கூடாது. சைவம் மட்டும் உண்பவர்களும், ஹலால் முறையைப் பின்பற்றுபவர்களும் ஒரே கூடத்தில் சமைக்கும்போது பாத்திரங்களைப் பற்றிய மனத்தாங்கல் எழுவதும் உண்டு. நீங்கள் சொன்ன பட்டியல் முழுவதும் சைவமாக இருப்பதால் அந்தச் சிக்கல் பெரிதாக இராது, ஆனாலும் பாத்திரங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சொல்லிவிடுங்கள்.

மலைக்கோட்டைவாசி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதியவர்களுக்கு மிக்க நன்றி. இட்லி மாவில் தொடங்கி, அடுத்து மாவடுவை இரண்டு ஞாயிறுகளாகப் பிரித்து, வடகத்தைச் சித்திரை வெயிலுக்குத் தள்ளிவைக்கிறோம். சிறுதானியத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அடுப்பைப் பற்றி எவரும் சொல்லவில்லையே. மேசைக்கு ஒன்றாக நான்கு மின்காந்த (இண்டக்‌ஷன்) அடுப்புகளை வைக்கலாமா, அல்லது வீடுகளிலிருந்து சிலிண்டர்களைக் கொண்டுவந்துவிடலாமா?

மின்கம்பம் எழுதியது:

மின்வாரிய ஒப்பந்த வேலைகள் செய்பவன் என்பதால் இதற்கு நான் பதில் சொல்கிறேன். 2000 வாட் மின்காந்த அடுப்பு ஒன்று 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். கூடங்களில் விசிறிக்கும் ஒலிபெருக்கிக்கும் என்று வைத்திருக்கும் சிறிய செருகிகள் 6 ஆம்பியருக்கானவை. அவற்றில் இந்த அடுப்பைச் சொருகவே கூடாது. 16 ஆம்பியர் செருகிகள் எத்தனை உள்ளன, அவை தனித்தனிக் கம்பியில் வருகின்றனவா என்று மின்பணியாளரை வைத்துப் பாருங்கள். நான்கு அடுப்பும் கிரைண்டரும் ஒரே வேளையில் ஓடினால் எட்டுக் கிலோவாட்டைத் தாண்டும். கூடத்தின் இணைப்பு அதற்குப் போதாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டு அடுப்புகளை வைத்து மேசைகள் முறை மாற்றிக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. அலுமினிய இட்லிக் கொப்பரையும் பித்தளைப் பாத்திரங்களும் மின்காந்த அடுப்பில் சூடேறா. காந்தம் ஒட்டும் அடிப்பாகமுள்ள பாத்திரங்களை முன்பே தேடி வையுங்கள்.

வீட்டுச் சிலிண்டர்களைக் கொண்டுவருவதைக் கைவிடுங்கள். 14.2 கிலோ சிலிண்டர் வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே தரப்படுவது. கட்டணம் வாங்கி நடத்தும் வகுப்பில் அதை வைப்பது விதிமீறலாகிவிடும். எரிவாயுதான் வேண்டுமென்றால் 19 கிலோ வணிகச் சிலிண்டர் ஒன்றைக் கூடத்துக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வைத்து, முறையான குழாய் வழியாக அடுப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கசியும் வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தேங்கும். உயரத்தில் மட்டும் சாளரம் உள்ள கூடத்தில் இது ஆபத்து.

பந்திக்கட்டு எழுதியது:

கட்டணத்தைப் பற்றி ஒரு சொல். பொருள் செலவை அப்படியே பகிர்ந்துகொள்ளுங்கள், ஆனால் இலவசமாக்கிவிடாதீர்கள். இலவசமென்றால் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வராமல், ஊறவைத்த அரிசி உங்கள் தலையில் விழும். கற்பிக்கும் பெரியவர்களுக்குப் பொன்னாடையோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு தொகையையும் கொடுங்கள்.

பின்னாளில் யாராவது அந்த மாவடுவை விற்கத் தொடங்கினால், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெற வேண்டும். சிறு தொழிலுக்கு அடிப்படைப் பதிவு என்பதே நாங்கள் பின்பற்றிவரும் முறை. அதற்கு மேல் முறையாகக் கற்க விரும்புபவர்களுக்குத் தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. மதிப்புக்கூட்டல் பயிற்சிகளைப் பற்றி அங்கே விசாரிக்கலாம்.

கடைசியாக, பாத்திரம் கழுவும் அரை மணி நேரத்தையும் அந்த மூன்று மணிக்குள் சேர்த்து அறிவியுங்கள். ஒரே ஒரு தொட்டி உள்ள கூடத்தில் அண்டாவில் நீர் நிரப்பி வெளியே வைத்து, மேசைக்கு ஒருவராகக் கழுவச் சொல்ல வேண்டியிருக்கும். அப்படிச் செய்யாவிட்டால் அந்த வேலை முழுவதும் கற்பிக்க வந்த பெரியவர்களிடமே போய்ச் சேரும்.