தட்டுவடை செட்டும் தண்ணி விடுகிற அண்ணனும்

உள்ளூர் அரசியல்வாதிகளை நேரில் பார்த்த அனுபவம் என்றால், நான் பார்த்ததெல்லாம் தட்டுவடை செட் கடையில்தான். சேலத்தில் அம்மாப்பேட்டைப் பக்கம் குடியிருக்கிறேன். மண்டல அலுவலகத்துக்குப் போனால் டோக்கன் வாங்கி பெஞ்சில் உட்கார வேண்டும். தள்ளுவண்டிக் கடையில் அந்தத் தொல்லை இல்லை. சாயங்காலம் ஆறரைக்கு மேல் நின்றால் ஆளும் கட்சி, எதிர்க்கட்சி, எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாத ஒப்பந்தக்காரர் என்று எல்லோரும் ஒரே சட்னி வாளிக்கு முன்னால் வந்து நிற்பார்கள்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. செட் என்பது இரண்டு சின்னத் தட்டுவடை. ஒன்றின் மேல் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி தடவி, துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம் வைத்து, இன்னொன்றால் மூடித் தருவார்கள். அப்படியே முழுசாக வாயில் போட வேண்டும். பாதி கடித்தால் மீதி சட்டையில். தட்டுவடையையும் முறுக்கையும் கையால் நொறுக்கி, அதே காய்கறி, சட்னியைப் போட்டுக் கிளறினால் நொறுக்கல். என் ஓட்டு எப்போதும் நொறுக்கலுக்கு, பூண்டுச் சட்னி தூக்கலாக. செட்டில் மாங்காய் போடலாமா கூடாதா என்று எங்கள் கடையில் நடந்திருக்கும் சண்டை, கட்சிச் சண்டையைவிடப் பெரிது.

எங்கள் வார்டின் பழைய கவுன்சிலரை அங்கேதான் பழக்கம். 2011இல் ஜெயித்தவர். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை. அப்புறம் ஐந்து வருஷத்துக்கு மேல் தமிழ்நாட்டில் எந்த மாநகராட்சியிலும் கவுன்சிலரே கிடையாது, அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான். அந்தக் காலம் முழுக்க இந்த மனிதர் பதவி இல்லாமலே கவுன்சிலர் வேலை பார்த்தார். சாக்கடை அடைத்தால் அவருக்குத்தான் போன். தெரு விளக்கு எரியாவிட்டாலும் அவருக்குத்தான். "எனக்கே இப்ப கையெழுத்து இல்லைங்க" என்று சொல்லிக்கொண்டே செட்டை வாயில் போட்டபடி யாரையாவது கூப்பிடுவார். பாதி வேலை நடக்கும். நான் அவர் கட்சிக்கு ஓட்டுப் போட்டவனில்லை. அது அவருக்கும் தெரியும், ஆனாலும் போனை எடுப்பார்.

ஒருவழியாக 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் வந்தது. சேலத்தில் 60 வார்டு. பாதி இடங்கள் பெண்களுக்கு என்று ஆகிவிட்டிருந்ததில் எங்கள் வார்டும் மகளிர் வார்டு ஆனது. அவர் மனைவி நின்றார், ஜெயித்தார். ஒரு வருஷம்கூட ஆகாத சட்டமன்றத் தேர்தலில் சேலம் மாவட்டத்தின் 11 தொகுதியில் 10ஐ அதிமுக கூட்டணிக்குக் கொடுத்த ஊர், மாநகராட்சியைத் திமுகவிடம் கொடுத்தது. டி.வி.யில் இதற்கு ஆயிரம் விளக்கம் சொன்னார்கள். கடைக்காரர் நொறுக்கலைக் கிளறிக்கொண்டே, "எம்எல்ஏ ஓட்டு முதலமைச்சருக்கு, கவுன்சிலர் ஓட்டு குழாய்க்கு" என்றார். இதற்கு மேல் ஒரு விளக்கம் நான் கேட்கவில்லை.

குழாய் என்றால் மேட்டூர்த் தண்ணீர். எங்கள் தெருவுக்குச் சில நாளைக்கு ஒருமுறை, நேரம் தெரியாமல் வரும். அதனால் கடையில் உண்மையான மரியாதை கவுன்சிலருக்குக் கிடையாது. வால்வு திறக்கிற அண்ணனுக்குத்தான். நீளமான இரும்புச் சாவியை டிவிஎஸ் எக்செல் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு அவர் வந்து இறங்கினால் கூட்டம் தானாக வழிவிடும். அவர் தட்டுக்கு யாராவது ஒருவர் முந்திக்கொண்டு காசு கொடுத்துவிடுவார். ஆடிப் பண்டிகை வாரத்தில், வீட்டுக்கு வீடு உறவுக்காரர்கள் வந்து இறங்கியிருக்கும்போது, கோட்டை மாரியம்மனுக்கு அடுத்தபடி வேண்டுதல் அவரிடம்தான்.

ஒருநாள் அதே கடையில் தறிக்காரப் பெரியவர் ஒருவர் ராஜாஜி கதையை எடுத்தார். 1917இல் ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவர் ஆனார். ஏறக்குறைய அதே சமயம் ஈரோட்டில் பெரியார் நகராட்சித் தலைவர். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பெரியவர் சொன்னது வேறு. அக்கிரகாரத்துக்குத் தண்ணீர் திறந்துவிடத் தாழ்த்தப்பட்ட வகுப்பு ஊழியர் ஒருவரைப் போட்டார்களாம். தெருக்காரர்கள் கொதித்தார்களாம். ராஜாஜி ஆளை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டாராம். கதையை முடித்துவிட்டு, "அந்த ஊருய்யா இது" என்று பெரியவர் எங்களைச் சுற்றிப் பார்த்தார். அடுத்து 1944 சேலம் மாநாட்டுக்கு, நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய கதைக்குப் போகப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். வாரத்துக்கு ஒருமுறையாவது போவார்.

அதற்குள் வால்வு அண்ணன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அவருக்கு மாசச் சம்பளம் இருந்திருக்கும்ங்ணா. நான் கான்ட்ராக்ட்டு. என்னை மாத்தணும்னா யாரும் கொதிக்கவே வேண்டாம், மேஸ்திரி ஒரு போன் போட்டாப் போதும்" என்றார். பெரியவர் 1944க்குப் போகவில்லை. அன்றைக்கு அண்ணன் தட்டுக்குக் காசு கொடுத்தது பெரியவர்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, கிராமசபை மாதிரி நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டம் என்று தொடங்கினார்கள். எங்கள் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்குப் போயிருந்தேன். பிளாஸ்டிக் நாற்காலி, டீ, மைக்கில் கரகரப்பு. மேடையில் கவுன்சிலர் அம்மா. பக்கத்து நாற்காலியில் கணவர். சாக்கடைக்காகத் தோண்டின ரோடு, நாய்த் தொல்லை, தண்ணீர் நேரம் என்று ஒவ்வொருவராக எழுந்து கேட்க, பதில் எல்லாம் கணவரிடமிருந்து வந்தது. நல்ல பதில்கள்தான். எந்த வால்வு எந்தச் சந்தில் இருக்கிறது என்பதுவரை மனிதருக்கு அத்துப்படி.

மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு ஆயா எழுந்தார். "தம்பி, உனக்கு நான் ஓட்டே போடலை. இந்தப் பாப்பாவுக்குத்தான் போட்டேன். அதுகிட்ட மைக்கைக் குடு."

மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே மைக்கைக் கொடுத்தார். அந்த அம்மா முதலில் தடுமாறினார். அப்புறம், தண்ணீர் விடுகிற நாளை முந்தின நாளே தெருவாரியாக வாட்ஸப்பில் போட ஏற்பாடு செய்கிறேன், ராத்திரி பதினோரு மணிக்குத் தண்ணீர் வந்தால் பிடிக்க எழுந்திருப்பது வீட்டில் யார் என்று எனக்குத் தெரியாதா என்றார். பெண்கள் பக்கம் கைதட்டல் பலமாக இருந்தது. கணவர் இத்தனை வருஷத்தில் யோசிக்காத ஏற்பாடு அது. செய்தும் காட்டினார். இப்போது செய்தி பெரும்பாலும் வருகிறது, நேரம்தான் கொஞ்சம் முன்னே பின்னே.

ஆனாலும் அந்த அம்மாவைத் தட்டுவடைக் கடையில் நான் பார்த்ததில்லை. கடை முன்னால் இரவு எட்டு மணிக்கு நின்று நியாயம் பேசுவது ஆண்களின் கூட்டம். பெண்கள் பார்சல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவரிடம் பேச வேண்டுமென்றால் கடையை விட்டுவிட்டு வீட்டுக்கோ கூட்டத்துக்கோதான் போக வேண்டும். என் மனைவி அப்படித்தான் நேராகப் போய் எங்கள் முனை விளக்கை எரிய வைத்தார். அதே விளக்குக்காக நான் கடையில் எத்தனை தட்டுக்குக் காசு கொடுத்திருப்பேன் என்று வீட்டில் கணக்குக் கேட்கப்பட்டது.

இந்த மாநகராட்சி மன்றத்துக்கு 2027 மார்ச் வரை காலம். அதற்குள் தேர்தல் வருமா, மறுபடி தனி அலுவலரா என்பதுதான் கடையில் இப்போதைய பந்தயம். பந்தயத் தொகை ஆளுக்கு ஒரு நொறுக்கல். வால்வு அண்ணன் மட்டும் கலந்துகொள்ளவில்லை, எது நடந்தாலும் சாவி தன்னிடம் இருக்குமா என்று முதலில் தெரிய வேண்டுமாம்.