க்ளாஸ்ல எல்லாரும் டிக் சரியா அடிக்கிறாங்க, ஆனா தொற்று பத்தி பேசினா குழப்பமா இருக்கு, எப்படி புரிய வைக்கிறது?

வார்டு_நர்ஸ்:
எல்லாருக்கும் வணக்கம். ஆஸ்பத்திரில நர்ஸா இருக்கேன். கொரோனா மாதிரி ஒரு தொற்று மறுபடி பெருசா வந்தா என்ன செய்யணும்னு தன்னார்வலர்களுக்கும் புதுசா சேர்ந்த ஸ்டாஃபுக்கும் க்ளாஸ் எடுக்கச் சொல்லிருக்காங்க. க்ளாஸுக்கு முன்னாடி ஒரு கேள்வித்தாள் குடுத்தோம். எப்படி பரவும், அறிகுறி என்ன, கை எவ்ளோ நேரம் கழுவணும், எல்லாமே சரியா எழுதிட்டாங்க. அப்புறம் சும்மா பேச்சு குடுத்துப் பார்த்தா வேற மாதிரி இருக்கு, ஒருத்தர் டெஸ்ட் நெகட்டிவ்னு வந்துட்டா அன்னிக்கே எல்லார் கூடவும் பழகலாம்ங்கறார், இன்னொருத்தர் ரெண்டு டோஸ் போட்டவனுக்கும் வந்துச்சே அப்ப ஊசி எதுக்குங்கறார், இதுல ஸ்டாஃபும் அடக்கம். எல்லாரும் சேர்ந்து கேக்குற ஒண்ணுதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு: "முதல்ல மாஸ்க் வேணாம்னீங்க, அப்புறம் கட்டாயம்னீங்க, பொருளையெல்லாம் துடைக்கச் சொன்னீங்க, அப்புறம் காத்துலதான் பரவுதுன்னீங்க, உங்களை எப்படி நம்புறது?" மழுப்பாம என்ன பதில் சொல்லலாம்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஜன்னல்_திற:
அந்தக் கேள்வி ரொம்ப நியாயமானது, தயவுசெஞ்சு "விஞ்ஞானம் மாறிக்கிட்டே இருக்கும்"னு ஒரே வரில முடிச்சுடாதீங்க, நடந்ததை நடந்தபடியே சொல்லுங்க. 2020 மார்ச் 28 அன்னிக்கு உலக சுகாதார அமைப்பு சோஷியல் மீடியாவுல கோவிட் காத்துல பரவாதுன்னு அடிச்சுச் சொல்லுச்சு. பொதுமக்கள் மாஸ்க் பத்தின அவங்க ஆலோசனை மாறினது ஜூன் 5. ஜூலைல 239 விஞ்ஞானிகள் சேர்ந்து காத்து வழியா பரவுறதை கணக்குல எடுங்கன்னு கடிதம் வெளியிட்டாங்க. உலக சுகாதார அமைப்பு தன் விளக்கத்துல அதைத் தெளிவா எழுதுறதுக்கு 2021 ஏப்ரல் கடைசி ஆயிடுச்சு.

ஏன் இவ்ளோ லேட்? வைரஸ் மாறினதால இல்ல. 5 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) மேல இருக்கறது எல்லாம் துளி, அது ஒண்ணு ரெண்டு மீட்டருக்குள்ள கீழ விழுந்துடும்னு பல வருஷமா மருத்துவப் பாடத்துலயே இருந்துச்சு. வில்லியம் வெல்ஸ்னு ஒருத்தர் 1930கள்லயே கணக்குப் போட்டு, சட்டுனு தரைக்கு விழற துளிக்கும் காத்துல மிதக்கற துகளுக்கும் எல்லை சுமார் 100 மைக்ரான்னு சொல்லிட்டார். 5 மைக்ரான்ங்கறது காசநோய்க் கிருமி நுரையீரலோட அடி ஆழம் வரைக்கும் போறதுக்கு எவ்ளோ சின்னதா இருக்கணும்ங்கற கணக்குல வந்தது, ரெண்டையும் பின்னாடி வந்தவங்க ஒண்ணா போட்டு குழப்பிட்டாங்க. 5க்கும் 100க்கும் நடுவுல எவ்ளோ பெரிய இடைவெளி பாருங்க, பேசும்போது வர்றதுல நிறைய அந்த அளவுலதான் இருக்கு.

க்ளாஸ்ல நான் சிகரெட் புகையை நினைச்சுக்கச் சொல்வேன். பக்கத்துல நின்னா அதிகம், தள்ளி நின்னா கம்மி, மூடின ரூம்னா ஆள் போனப்புறமும் இருக்கும். இதை பிடிச்சுக்கிட்டா ஜன்னல் ஏன் திறக்கணும், மூக்குக்குக் கீழ இறக்கின மாஸ்க் ஏன் வேலைக்கு ஆகாது, எல்லாம் அவங்களே சொல்லிடுவாங்க.

பொருளைத் துடைக்கறது பத்தி: கிருமி பட்ட பரப்பை ஒரு தடவை தொட்டா கோவிட் ஒட்டிக்கற வாய்ப்பு 10,000ல 1க்கும் கம்மின்னு அமெரிக்க அரசோட நோய்த்தடுப்பு அமைப்பான சிடிசி 2021 ஏப்ரல்ல சொல்லிடுச்சு. அதுக்காக கை கழுவறதை விட்றாதீங்க, வயித்துப்போக்கு மாதிரி கையால பரவுற நோய்க்கு அதுதான் காப்பு.

கணக்கு_டீச்சர்:
ஊசி விஷயத்துக்கு மட்டும் நான் வர்றேன். 95 சதவீதம் பலன்னு கேட்டதும் நிறைய பேர், படிச்சவங்களும்தான், ஊசி போட்ட 100 பேர்ல 5 பேருக்கு நோய் வரும்னு எடுத்துக்கிட்டாங்க. அப்படி இல்ல. ஃபைசர் ஆய்வுல கிட்டத்தட்ட 43,000 பேர், ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஊசி, மீதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி. நோய் வந்தது மொத்தம் 170 பேருக்கு, அதுல 162 பேர் மருந்தில்லாத பக்கம், 8 பேர்தான் ஊசி போட்ட பக்கம். 162 வர வேண்டிய இடத்துல 8, அதான் 95. அதுவும் அந்த சில மாசத்துல, அப்ப இருந்த வைரஸுக்கு. பின்னாடி வந்த ஒமிக்ரான் வகைகள் தொற்றைத் தடுக்கறதுல ஊசியை நிறைய தாண்டிடுச்சு, ஆனா நோய் முத்திப்போகாம காக்கற பலன் அதைவிட நல்லா நின்னுச்சு. இந்த ரெண்டையும் பிரிச்சுச் சொல்லாததாலதான் "போட்டும் வந்துச்சே"ங்கற கோவம்.

"அட்மிட் ஆனவங்கள்ல பாதிப் பேர் ஊசி போட்டவங்க"ங்கறதுக்கு போர்டுல இதை எழுதிக் காட்டுங்க. கணக்குக்காக 1,000 பேர்னு வைங்க, 900 பேர் போட்டாச்சு, 100 பேர் போடல. போடாதவங்கள்ல பத்துல ஒருத்தர் அட்மிட், ஆக 10 பேர். போட்டவங்கள்ல நூத்துல ஒருத்தர், ஆக 9 பேர். வார்டுல போய் எண்ணினா 19ல 9, கிட்டத்தட்ட பாதி. ஆனா போடாதவருக்கு ஆபத்து பத்து மடங்கு. சொல்லிட்டுப் போகாம அவங்களையே கூட்டிப் பார்க்க விடுங்க, ரொம்ப நல்லா ஏறும்.

தொற்றுக்கட்டுப்பாடு:
மேல ரெண்டு பேரும் நல்லா சொல்லிட்டாங்க. ஸ்டாஃப் பத்தி ஒண்ணு சொல்லணும்மா, ஜனங்களுக்குத் தெரியல தெரியலன்னு நாம சொல்றோம், நம்ம பக்கம் இருக்கற ஓட்டையை யார் பார்க்கறது? 2024 ஏப்ரல்ல உலக சுகாதார அமைப்பு ஒரு கணக்கு வெளியிட்டுச்சு. ஆஸ்பத்திரில சேர்ந்த கோவிட் நோயாளிகள்ல பாக்டீரியா தொற்றும் சேர்ந்து ஆன்டிபயாடிக் தேவைப்பட்டது 8 சதவீதம் பேருக்கு, குடுத்தது சுமார் 75 சதவீதம் பேருக்கு. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் கேக்காதுன்னு பரீட்சையில கேட்டா எல்லா ஸ்டாஃபும் சரியா எழுதுவாங்க. ராத்திரி மூச்சு வாங்கற நோயாளி முன்னால நிக்கும்போது, எதுக்கும் இருக்கட்டும்னு கை அந்த மருந்துக்குத்தான் போகும். இதை க்ளாஸ்ல பேசுங்க, யாரையும் குத்தம் சொல்லாம பேசுங்க.

அடுத்தது பிபிஇ, அதாவது க்ளவுஸ், மாஸ்க், கவுன் மாதிரி பாதுகாப்பு உடையைக் கழட்டறது. மாட்டறதை எல்லாரும் ஒழுங்கா செய்வாங்க, டூட்டி முடிஞ்சு களைச்சுப் போய் கழட்டும்போதுதான் ஒட்டிக்கும். யூவி லைட்ல மட்டும் ஒளிர்ற லோஷன் கிடைக்கும், அதை க்ளவுஸ் மேல தடவி வழக்கம்போல கழட்டச் சொல்லுங்க, லைட்டை அணைச்சுட்டு யூவியை அடிங்க. மணிக்கட்டு, கழுத்து, சில பேருக்கு கன்னம்லாம் ஒளிரும். க்ளவுஸை மணிக்கட்டுக்கிட்ட வெளிப்பக்கம் கிள்ளி உள்பக்கம் வெளிய வர்றாப்ல உரிக்கணும், ரெண்டாவதுக்கு வெறும் விரலை உள்பக்கமா விட்டு உரிக்கணும், மாஸ்க்கை ரூமை விட்டு வெளிய வந்தப்புறம் கடைசியா, முன்பக்கம் தொடாம நாடாவைப் பிடிச்சுக் கழட்டணும். போஸ்டர்ல படம் பார்த்து வராதது இதுல ஒரே தடவைல பதியும்.

சாதா_ஆளு:
நான் மருத்துவத் துறை இல்லைங்க. எங்களுக்கு புரியலன்னே எல்லாரும் எழுதறீங்க, நிறைய பேருக்கு நல்லாவே புரிஞ்சுச்சு. தனியா இருக்கணும்னு தெரியும், தனி ரூம் இல்ல. வேலைக்குப் போகக் கூடாதுன்னு தெரியும், போகலன்னா சம்பளம் இல்ல. அதை "விழிப்புணர்வு கம்மி"ன்னு ரிப்போர்ட் எழுதிட்டா எப்படி? கேள்வித்தாள்ல "உங்களால இதைச் செய்ய முடியுமா, முடியலன்னா எது தடுக்குது"ன்னும் ஒண்ணு சேருங்க.

வார்டு_நர்ஸ்:
ரொம்ப நன்றி, எல்லாருக்கும். தொற்றுக்கட்டுப்பாடு அக்கா, அந்த லோஷன் பயிற்சியை கண்டிப்பா வெக்கறேன். சாதா_ஆளு சார் சொன்ன கேள்வியையும் சேர்த்துடறேன், அது எங்க தாள்ல இல்லவே இல்ல. டிக் அடிக்கறதைக் குறைச்சுட்டு, "நேத்து கூட சாப்பிட்டவருக்கு இன்னிக்கு பாசிட்டிவ், உங்களுக்கு டெஸ்ட் நெகட்டிவ், இப்ப என்ன செய்வீங்க"ன்னு சூழ்நிலை குடுத்து எழுத வைக்கலாம்னு இருக்கேன். அதுக்கு சுருக்கமா எப்படி விளக்கறது?

ஜன்னல்_திற:
அருமையான கேள்வி அது. தொற்றின மறுநாள் எடுத்தா, லேப்ல பண்ற ஆர்டி-பிசிஆர் டெஸ்ட்ல கூட பெரும்பாலும் தெரியாது, மூக்குல வைரஸ் பெருகறதுக்கு சில நாள் எடுத்துக்கும். அறிகுறி வர்றதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே அடுத்தவங்களுக்குப் பரப்பவும் முடியும். அதனால மறுநாள் நெகட்டிவை நம்பாம, சில நாள் மாஸ்க் போட்டு ஒதுங்கி இருந்து, மறுபடி எடுக்கணும்னு எழுதினா முழு மார்க் குடுங்க. இன்னொண்ணும் கேட்டு வைங்க: குணமாகி சில வாரம் கழிச்சும் பிசிஆர் பாசிட்டிவ் வந்தா அவரை ஒதுக்கி வைக்கணுமா? பெரும்பாலானவங்களுக்கு அது செத்த வைரஸோட மிச்சம்தான், பரவாது. இதுல ஸ்டாஃபே ரெண்டா பிரிவாங்க, அங்கிருந்து பேச்சை ஆரம்பிங்க.