கடைசி செமஸ்டர்: வேலைக்கு நடுவே ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை எப்படி எழுதி முடித்தீர்கள்?

குழுவில் உள்ள அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம். கம்ப்யூட்டர் சயின்ஸ் இறுதியாண்டு மாணவி நான். பகலில் இன்டர்ன்ஷிப், மாலையில் ப்ராஜெக்ட், இரவில் இன்டர்வியூவுக்குத் தயாரிப்பு. வகுப்புகள் குறைவுதான், ஆனால் எதை எப்போது செய்வது என்பதை முழுக்க நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

கோடிங் ஓடுகிறது. கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளில் வைத்திருப்பதால் எதைக் கலைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். ரிப்போர்ட்தான் நகர மாட்டேன் என்கிறது. லேட்டெக்ஸ் (LaTeX) என்கிற ஆவணம் தயாரிக்கும் மென்பொருளில் எழுதுகிறேன், மேற்கோள் எண்கள் தானாக மாறிக்கொள்வதால் அந்தத் தலைவலி இல்லை. ஆனால் ஓர் அத்தியாயத்துக்கு நடுவே சில நாள் இடைவெளி விழுந்தால், எங்கே விட்டோம் என்று பிடிக்கவே ஒரு மாலை போய்விடுகிறது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்கிற போமோடோரோ முறை பாடம் படிக்க நன்றாக உதவியது. எழுத உட்கார்ந்தால், சிந்தனை கூடிவரும் நேரம் பார்த்து மணி அடித்துவிடுகிறது.

தூக்கத்தைக் குறைக்க மட்டும் சொல்லாதீர்கள். படித்தது நினைவில் பதியவே தூக்கம் வேண்டும்.

வேலை பார்த்துக்கொண்டே ரிப்போர்ட் முடித்தவர்கள் சொல்லுங்கள்: தினமும் கொஞ்சம் எழுதினீர்களா, வார இறுதியில் மொத்தமாக உட்கார்ந்தீர்களா? செய்முறை அத்தியாயத்தில் தொடங்கி, முன்னுரையைக் கடைசியில் எழுதலாம் என நினைக்கிறேன், சரிவருமா? கைடிடம் அத்தியாயம் அத்தியாயமாகக் காட்டுவது நல்லதா, முழு வரைவாகவா?