ரைஸா ரெய்ஸா? அவசரம்

போச்சம்பள்ளி பையன்: விலை ஏறிடுச்சுன்னு இங்கிலீஷ்ல எழுத ரைஸ் (rise) போடணுமா, ரெய்ஸ் (raise) போடணுமா? அகராதியில ரெண்டுக்கும் உயர்வுன்னே இருக்கு. 6 மணிக்குள்ள மெயில் போகணும்.

சூளகிரி சுப்பு: எந்த விலை? முழு வாக்கியத்தைப் போடுப்பா.

மொழிக்காவலன்: ஆறாங்கிளாஸ் இலக்கணம். தேடிப் பார்த்துட்டு கேக்கற பழக்கமே இங்க யாருக்கும் கிடையாது.

பாலக்கோடு தக்காளி: உயிருள்ளதுக்கு ரெய்ஸ், உயிரில்லாததுக்கு ரைஸ். பிள்ளை வளர்க்கறது ரெய்ஸ், கேஆர்பி டேம்ல தண்ணி ஏறறது ரைஸ். 20 வருஷமா இப்படித்தான் எழுதறேன்.

ஊத்தங்கரை டீச்சர்: தப்புங்க. மனுஷன் எழுந்திருக்கறதும் ரைஸ்தான், கொடி ஏத்தறதும் ரெய்ஸ்தான். தன்வினை பிறவினை படிச்சோமே: உயர்ந்தது, உயர்த்தினான். தானா ஏறினா ரைஸ், ரோஸ், ரிஸன். ஒருத்தர் ஏத்தினா ரெய்ஸ், ரெய்ஸ்ட், ரெய்ஸ்ட். லை (lie), லே (lay) கூட இதே குடும்பம்: கிட, கிடத்து. லை-க்கு இறந்தகாலமும் லே-ன்னு வர்றது மட்டும் தனிக் கொடுமை. சரி தம்பி, விலையை ஏத்தினது யாரு?

ஓசூர் ஷிப்ட்: இன்க்ரீஸ்னு போடுங்க, ரெண்டுக்கும் ஆகும். எங்களுக்கு ரைஸ்னா கேண்டீன் சோறுதான்.

மொழிக்காவலன்: சம்பள உயர்வை அமெரிக்காக்காரன் ரெய்ஸ்ங்கறான், பிரிட்டிஷ்காரன் ரைஸ்ங்கறான். இது தெரியாம அட்வைஸ் வேற.

ஊத்தங்கரை டீச்சர்: அது பெயர்ச்சொல் சார். தம்பி கேட்டது வினை.

போச்சம்பள்ளி பையன்: சாரி, மாங்கூழ் கம்பெனி. மண்டியில பெங்களூரா மாங்காய் விலை ஏறிடுச்சு, அதனால கூழ் விலையை ஏத்தியிருக்கோம்னு துபாய் பார்ட்டிக்கு எழுதணும்.

ஊத்தங்கரை டீச்சர்: இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல! ரெண்டும் வேணும். மாங்காய் விலை ஹேஸ் ரிஸன். கூழ் விலைக்கு வீ ஹேவ் ரெய்ஸ்ட். மாங்காய்க்கும் வீ ஹேவ் ரெய்ஸ்ட்னு போட்டா மண்டி விலையையும் நீங்களே ஏத்திவிட்ட மாதிரி ஆயிடும்.

காவேரிப்பட்டணத்தான்: பெங்களூரான்னா அவன் ஊர்னு நினைப்பான். தோத்தாபுரின்னு எழுது.

பாலக்கோடு தக்காளி: கிளிமூக்குன்னு நல்ல தமிழ்ப் பேர் இருக்கறப்ப அது எதுக்கு?

காவேரிப்பட்டணத்தான்: தோத்தான்னா இந்தியில கிளிதான்யா. உங்க ஊர்த் தக்காளியைப் பாருங்க, மாங்காய நாங்க பார்த்துக்கறோம்.

பாலக்கோடு தக்காளி: மாங்காய் என்ன உங்க ஊருக்கு மட்டும் பட்டா போட்டதா?

சூளகிரி சுப்பு: கிளியை விடுங்க. மெயில் போச்சா?

போச்சம்பள்ளி பையன்: போச்சுண்ணா. ரெண்டு இடத்துலயும் இன்க்ரீஸ் போட்டுட்டேன். டீச்சர் கோவிச்சுக்காதீங்க.