புதுப்பிப்பு: ஆர்எக்ஸ் 100 இண்டிகேட்டருக்கு பஸ்ஸர் போட்டாச்சு

இண்டிகேட்டரை அணைக்க ஞாபகப்படுத்த, என் பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கில் பஸ்ஸர் (பீப் அடிக்கும் சின்ன ஒலிப்பான்) போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போட்டாச்சு, அருமையாக வேலை செய்கிறது.

இடது இண்டிகேட்டர் ஒயரிலிருந்து ஒரு 1என்4007 டயோடு (மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் சின்ன பாகம்), வலதிலிருந்து இன்னொன்று. இரண்டிலும் வெள்ளைக் கோடு உள்ள முனைகளைச் சேர்த்து 12 வோல்ட் பஸ்ஸரின் சிவப்பு ஒயரில் கொடுக்க வேண்டும். கறுப்பு ஒயர் பாடி எர்த்துக்கு, அதாவது வண்டியின் உலோக பாடிக்கு. டயோடு எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். அது இல்லாமல் இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கினால், இடது போட்டாலும் வலதும் சேர்ந்து மின்னும்.

புதுச்சேரி நேரு வீதி நெரிசலில் பீப் தெளிவாகக் கேட்கிறது. ஈசிஆரில் வேகம் பிடித்தால் சைலன்சர் சத்தத்தில் கொஞ்சம் அமுங்குகிறது. ஆனாலும் திரும்பி முடித்து, வேகம் எடுப்பதற்குள்ளேயே காதில் விழுந்துவிடுகிறது, அதுதான் முக்கியம். முத்தியால்பேட்டையில் போட்ட இண்டிகேட்டர் காலாப்பட்டு வரை மின்னிக்கொண்டே போனால், பின்னால் வருகிறவர் எதை நம்பி ஓவர்டேக் எடுப்பார்?

6 வோல்ட் வண்டிக்கு எந்த பஸ்ஸர் என்று கேட்ட அண்ணனுக்கு: 3 முதல் 24 வோல்ட் வரை வேலை செய்யும் பஸ்ஸராகக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், நம்ம ஊர் உப்புக் காற்றுக்கு வெறும் இன்சுலேஷன் டேப் தாங்காது. சால்டர் வைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்) போட்டுவிடுங்கள்.